'ரெட் டிராகன்' படத்தை எதனோடு வைத்து எடைபோடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹானிபல் லெக்டர் வரும் படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நண்பர்கள் கேட்டவற்றை அவரவர் தொனி மாறாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். கதையின் முடிவு உட்பட எல்லாமே பேசப்படும். படங்களைப் பார்க்காதவர்கள் முதல் இரண்டு பதில்களோடு நிறுத்திக்கொண்டு, பார்த்த பிறகு மற்றவற்றுக்கு வரலாம்.

இதில் மொத்தம் எத்தனை படங்கள்? எது எதற்கு முன்கதை? தலை சுற்றுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் ஹாரிஸ் லெக்டரை வைத்து நான்கு நாவல்கள் எழுதினார்: 'ரெட் டிராகன்' (1981), 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' (1988), 'ஹானிபல்' (1999), 'ஹானிபல் ரைசிங்' (2006). முதல் நாவல் இரண்டு முறை படமானதால் படங்கள் ஐந்து. மைக்கேல் மான் 1986இல் 'மேன்ஹன்டர்' என்ற பெயரிலும், பிரெட் ராட்னர் 2002இல் நாவலின் பெயரிலேயே 'ரெட் டிராகன்' என்றும் எடுத்தார்கள். இடையில் 1991இல் ஜோனதன் டெம்மியின் 'சைலன்ஸ்', 2001இல் ரிட்லி ஸ்காட்டின் 'ஹானிபல்'. கடைசியாக 2007இல் 'ஹானிபல் ரைசிங்'.

'சைலன்ஸ்' படத்தில் மனநல மருத்துவரும் நரமாமிசம் தின்பவருமான லெக்டர் ஏற்கெனவே அடைபட்டுக் கிடக்கிறார். அதற்கு முன் அவரைப் பிடித்த துப்பறிவாளன் வில் கிரஹாம், பிறகு அவரிடமே யோசனை கேட்டு வேறொரு தொடர் கொலைகாரனைத் தேடும் கதைதான் 'ரெட் டிராகன்'. இங்கே பெரும்பாலும் பேசப்போவது இந்த இரண்டு படங்களைப் பற்றித்தான்.

கதை நடக்கும் வரிசையில் பார்க்கலாமா, வெளிவந்த வரிசையிலா?

வெளிவந்த வரிசையில். 'சைலன்ஸ்' படத்தில் எஃப்.பி.ஐ. பயிற்சி மாணவி கிளாரிஸ் ஸ்டார்லிங் சிறை மருத்துவமனையின் நடைபாதையில் கடைசி அறையை நோக்கி நடக்கும்போது, அங்கே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பது அவளைப் போலவே நமக்கும் தெரியாது. பிறர் சொன்ன கதைகள் மட்டும்தான் கையில் இருக்கின்றன. போய்ப் பார்த்தால், யாரோ வரப்போவது முன்பே தெரிந்தவர்போல் ஒருவர் நிமிர்ந்து நின்று காத்திருக்கிறார். முன்கதையை முதலில் பார்த்துவிட்டு வருபவருக்கு இந்த அறிமுகம் வீணாகிவிடும். 'மேன்ஹன்டர்' மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

'ரெட் டிராகன்' நாவல்தானே முதலில் வந்தது? மூலத்தையே முன்கதை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

நாவல் முதல் பாகம், 2002இல் வந்த படம் முன்கதை. கதை ஒன்றே என்றாலும் இரண்டும் பிறந்த சூழ்நிலை வேறு. 1981இல் லெக்டர் சில பக்கங்களில் வந்துபோகும் துணைப் பாத்திரம். வாசகருக்கு அந்தப் பெயரே புதிது. 2002இல் அந்தப் பெயரை நம்பித்தான் படமே எடுக்கப்பட்டது.

திரைக்கதை எழுதிய டெட் டேலிக்கு இதுதான் சிக்கல். 'சைலன்ஸ்' படத்துக்கு எழுதி ஆஸ்கர் வாங்கியவர் அவர். இடையில் வந்த 'ஹானிபல்' படத்தை வேண்டாம் என்று விட்டவர். ஓரத்தில் இருந்த ஒருவரை நடுவில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும், அதே சமயம் ஹாரிஸின் கதையும் கலையக் கூடாது. படத்தின் நல்லது கெட்டது இரண்டும் பெரும்பாலும் இந்த நெருக்கடியிலிருந்து வந்தவை.

'சைலன்ஸ்' படத்தை இப்போதுதான் பார்த்தேன். இதற்கா இவ்வளவு பேச்சு? இதுபோல் நூறு படம் வந்துவிட்டதே?

இது வந்ததால்தான் அந்த நூறும் வந்தன. சுமார் 1.9 கோடி டாலரில் எடுக்கப்பட்டு உலகெங்கும் 27 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்ற ஐந்து பெரிய ஆஸ்கர்களையும் ஒரே படம் பெற்றது அதற்கு முன் இரண்டு முறைதான். ஆனால் விருதுகளைச் சொல்லி யாரையும் ஒரு படத்தை ரசிக்க வைக்க முடியாது. அடுத்த முறை பார்க்கும்போது கண்களை மட்டும் கவனியுங்கள்.

கிளாரிஸிடம் பேசும் ஆண்கள் பெரும்பாலும் நேராக கேமராவுக்குள் பார்த்துப் பேசுகிறார்கள். மேலதிகாரி கிராஃபோர்ட், சிறை மருத்துவமனையின் தலைவரும் வழிசல் பேர்வழியுமான டாக்டர் சில்டன், லெக்டர், எல்லோருமே. கிளாரிஸ் பதில் சொல்லும்போது அவள் பார்வை கேமராவுக்குச் சற்றுப் பக்கவாட்டில் இருக்கும். டெம்மியும் ஒளிப்பதிவாளர் டாக் ஃபுஜிமோட்டோவும் திட்டமிட்டுச் செய்தது இது. அதாவது அவளை வெறிக்கும் கண்கள் நம்மை வெறிக்கின்றன. லிஃப்டில் உயரமான ஆண்களுக்கு நடுவே அவள் ஒருத்தியாக நிற்பது, பிணப் பரிசோதனை நடக்கும் இடத்தில் போலீஸ்காரர்கள் அறை நிறைய நின்று அவளைப் பார்ப்பது என்று படம் முழுவதும் இதே வேலைதான் நடக்கிறது.

கடைசியில் இருட்டுக்குள் கொலைகாரன் இரவுப் பார்வைக் கருவி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி, தொடாமல் விடுகிறான். அதுவரை சேர்த்துவைத்த அத்தனை பார்வைகளும் அந்தக் கைக்குள் வந்து நிற்கின்றன. பார்க்கப்படுவதன் அச்சம்தான் இந்தப் படத்தின் உண்மையான கதை. பின்னால் வந்த நூறு படங்களில் பெரும்பாலானவை லெக்டரை மட்டும் நகலெடுத்தன.

அதில் லெக்டராக நடித்த ஆண்டனி ஹாப்கின்ஸ் பதினாறு நிமிடம்தான் வருகிறாராமே? 'ரெட் டிராகன்' படத்தில் அதைவிட அதிகம் வருகிறார். நமக்கு லாபம்தானே?

பதினாறு நிமிடம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. லாபமா என்றால், இல்லை. இலையின் ஓரத்தில் வைக்க வேண்டிய ஊறுகாயைச் சோற்றுக்குப் பதிலாகப் பரிமாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2001இல் வந்த 'ஹானிபல்' சாட்சி. 'ரெட் டிராகன்' அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் லெக்டர் வரும் சில காட்சிகளில் கதை நகராமல் அவரை ரசிப்பதற்காகவே நின்றுபோகிறது.

'சைலன்ஸ்' படத்தில் அவர் ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. அவர் ஒரு துப்புத் தருகிறார். கிளாரிஸ் தன் சிறுவயதிலிருந்து ஒரு வலியை எடுத்துத் தருகிறாள். ஆட்டுக்குட்டிகளின் அலறல் வரை அந்தப் பேரம் போகிறது. முன்கதையில் கிரஹாம் தருவதற்கு அப்படி எதுவும் கொண்டுவருவதில்லை. லெக்டர் குத்திக்காட்டுகிறார், கிரஹாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டுப் போகிறான்.

அதே சிறை, அதே சில்டன், அதே காவலர் பார்னி, அதே திரைக்கதையாசிரியர். எல்லாம் அதேதான் என்றால் ஏன் அதே பயம் வரவில்லை?

வரவில்லை என்பது சரியான கணிப்பு. 'சைலன்ஸ்' படத்துக்காக லெக்டரின் அறையில் கம்பிகளுக்குப் பதில் கண்ணாடிச் சுவர் வைத்தார்கள். கம்பி இருந்தால் முகத்தின் குறுக்கே கோடு விழும். கண்ணாடி அந்தத் தடையை எடுத்துவிட்டது. பார்வைக்கும் பார்க்கப்படுபவருக்கும் நடுவே எதுவுமே இல்லாததுபோல் ஆயிற்று. 'ரெட் டிராகன்' அந்தக் கண்ணாடியை அப்படியே திரும்பக் கட்டியது. ஆனால் கேமரா வழக்கமான உரையாடல் காட்சிபோல் தோளுக்குப் பின்னாலிருந்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. செட் வந்துவிட்டது, அதைக் கட்டியதற்கான காரணம் வரவில்லை.

உடற்பயிற்சிக் கூடத்தில் லெக்டரைச் சங்கிலியில் கட்டி நடக்க விடும் காட்சியையும் பாருங்கள். சங்கிலியின் எல்லை வரை அவர் கிரஹாம்மீது பாய்கிறார், அரங்கம் துள்ளுகிறது. முந்தைய படத்தில் அவர் நின்ற இடத்தில் நின்றே ஒரு பெண்ணின் மலிவான காலணியிலிருந்து அவள் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் உரித்துப் போட்டார். அதோடு ஒப்பிட்டால் இந்தப் பாய்ச்சல் கூண்டுப் புலியின் உறுமல் அளவுக்குத்தான் இருக்கிறது.

முன்கதையில் லெக்டர் இளையவராக அல்லவா இருக்க வேண்டும்? ஹாப்கின்ஸ் வயதானவராகத் தெரிகிறாரே?

தெரிவார். 1937இல் பிறந்தவர் 2002இல் நடித்திருக்கிறார்; கதையோ 1980இல் தொடங்குகிறது. தொடக்கக் காட்சிக்கு ஒரு குடுமியைக் கட்டிவிட்டார்கள். எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. தோற்றத்தைவிட, இந்தப் பாத்திரத்தோடு அவருக்கு ஏற்பட்டுவிட்ட நெருக்கம்தான் தொந்தரவு. எந்த வசனத்துக்குப் பார்வையாளர் சிரிப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது; அங்கே அரை நொடி நிற்கிறார்.

இசைக் கச்சேரி, விருந்து, லெக்டர் பிடிபடுவது என்று வரும் தொடக்கம் அருமையாக இருந்ததே. அது நாவலில் உண்டா?

அப்படி இல்லை. நாவல் தொடங்கும்போது லெக்டர் சிறையில்தான் இருக்கிறார்; பிடிபட்ட விதத்தைக் கிரஹாம் பிறகு நினைவுகூர்ந்து சொல்கிறான். படம் அதை விரித்து முழுக் காட்சியாக்கியது. தப்பாக வாசிக்கும் புல்லாங்குழல் கலைஞரைப் பார்த்து லெக்டரின் முகம் சுளிப்பதும், அடுத்த காட்சியில் இசைக்குழுவின் நிர்வாகிகள் அவர் வீட்டில் விருந்துண்பதும் நன்றாக எடுக்கப்பட்ட கறுப்பு நகைச்சுவை. நானும் ரசித்தேன்.

ஒரே ஒரு மாற்றம்தான் உறுத்துகிறது. நாவலில் கிரஹாமுக்குப் பொறி தட்டுவது உடம்பெல்லாம் ஆயுதங்கள் குத்தி நிற்கும் மனிதனைக் காட்டும் பழைய மருத்துவப் படம் ஒன்றால். கொலையுண்டவரின் உடலில் இருந்த காயங்கள் அதை ஒத்திருக்கின்றன. அது துப்பறிபவனின் மூளையில் நடக்கும் வேலை. படத்தில் அவன் சமையல் புத்தகம் ஒன்றைப் பிரிக்கிறான். லெக்டர் நரமாமிசம் தின்பவர் என்பது அரங்கத்தில் எல்லோருக்கும் முன்பே தெரியும் என்பதால், கிரஹாம் நமக்குப் பின்னால் ஓடிவந்து சேர்கிறான். முன்கதை என்ற வடிவத்துக்கே உள்ள நோய் இது: பார்வையாளருக்குத் தெரிந்ததைப் பாத்திரம் கண்டுபிடிக்கும்போது அந்தப் பாத்திரம் மந்தமாகத் தெரிகிறது.

எட்வர்ட் நார்டன் நல்ல நடிகர்தானே? கிரஹாமாக ஏன் மனதில் நிற்கவில்லை?

கிரஹாம் உள்ளுக்குள் நடக்கும் பாத்திரம். கொலைகாரனின் மனதுக்குள் புகுந்து அவனைப் போலவே யோசிக்க முடிவது அவன் திறமை. திரும்பி வர முடியாமல் போய்விடுமோ என்பது அவன் பயம். அதனால்தான் வேலையை விட்டுவிட்டு மனைவி மகனோடு ஃபுளோரிடா கடற்கரையில் ஒதுங்கியிருக்கிறான். நார்டன் அவனைக் கச்சிதமான அதிகாரியாக நடித்திருக்கிறார். திறமை தெரிகிறது, திறமைக்கு அவன் கொடுக்கும் விலை தெரியவில்லை.

கிளாரிஸோடு ஒப்பிட்டால் பழி நடிகர்மீது மட்டும் விழாது. அவளுடைய பயத்தைக் காட்ட டெம்மி கேமராவுக்கே ஒரு இலக்கணம் செய்து கொடுத்தார் என்று மேலே சொன்னேன். கிரஹாமின் பயத்துக்கு ராட்னர் அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவன் கொலை நடந்த வீட்டில் டார்ச் அடித்துக்கொண்டு தனக்குத்தானே பேசுகிறான்; அவ்வளவுதான் கிடைத்தது.

கொலைகாரன் யார் என்று பாதியிலேயே காட்டிவிடுகிறார்களே, பிறகு என்ன சஸ்பென்ஸ்?

'சைலன்ஸ்' படத்திலும் அவனை முன்கூட்டியே காட்டிவிடுகிறார்கள். யார் என்ற கேள்வியை ஹாரிஸ் பெரிதாக மதித்ததில்லை. எப்படிப் போய்ச் சேர்வார்கள் என்பதுதான் அவருடைய விளையாட்டு. 'சைலன்ஸ்' அதை ஒரு படத்தொகுப்புத் தந்திரமாக மாற்றியது: போலீஸ் படை ஒரு வீட்டைச் சுற்றி வளைத்து மணியடிக்கிறது, உள்ளே கொலைகாரனுக்கு மணி கேட்கிறது, கதவைத் திறந்தால் நிற்பது கிளாரிஸ், தனியாக. படை நிற்பது வேறு மாநிலத்தில், வேறு வீட்டு வாசலில்.

முன்கதையின் துப்பும் சளைத்ததல்ல. பர்மிங்ஹாமில் ஒரு குடும்பம், அட்லான்டாவில் ஒரு குடும்பம், இரண்டும் பௌர்ணமி இரவுகளில் கொல்லப்படுகின்றன. இரண்டுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் இல்லை. வீட்டில் எடுத்த குடும்பப் படங்களை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கும் கிரஹாமுக்கு, தான் பார்ப்பதையேதான் கொலைகாரனும் பார்த்திருக்கிறான் என்பது உறைக்கிறது. கொலைகாரன் டாலர்ஹைட் வேலை பார்ப்பது ஃபிலிம் கழுவும் நிறுவனத்தில். மக்கள் தங்கள் பிறந்தநாளையும் நாய்க்குட்டியையும் பின்வாசல் கதவையும் தாங்களே படம்பிடித்து அவன் கைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இன்று அலைபேசியில் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துப் போடுகிறவர்களுக்கு இது 1981ஐவிடக் கூடுதலாகவே உறைக்க வேண்டும்.

எல்லோரும் குறை சொல்கிறார்கள், நீங்களும் சொல்கிறீர்கள். அப்படியானால் இந்தப் படத்தில் நல்லது எதுவுமே இல்லையா?

இருக்கிறது, அதுவும் படத்தின் பாதி அளவுக்கு. டாலர்ஹைடாக ரேஃப் ஃபைன்ஸும், பார்வையற்ற ரீபாவாக எமிலி வாட்சனும் சேர்ந்து வரும் எல்லாக் காட்சிகளும். பிளவுபட்ட உதட்டோடு பிறந்து, பாட்டியின் கொடுமையில் வளர்ந்து, தன் முகத்தை யாரும் பார்ப்பதைப் பொறுக்க முடியாதவன் டாலர்ஹைட். வீட்டுக் கண்ணாடிகளை உடைத்துவைத்திருக்கிறான். தான் கொன்றவர்களின் கண்களில் கண்ணாடித் துண்டுகளைப் பதிக்கிறான், தன் மகிமையை அவர்கள் பார்க்க வேண்டுமாம். வில்லியம் பிளேக் வரைந்த செந்நிற டிராகனாகத் தான் மாறிக்கொண்டிருப்பதாக நம்புகிறான்; அதை முதுகு முழுக்கப் பச்சை குத்தியிருக்கிறான்.

இப்படிப்பட்டவனுக்கு முன்னால், இருட்டறையில் வேலை செய்யும் ரீபா வருகிறாள். அவளுக்கு அவன் முகம் ஒரு பொருட்டே இல்லை. மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தியிருக்கும் புலியைத் தொட்டுப் பார்க்க அவளை அழைத்துப் போகிறான். அவள் ரோமத்துக்குள் விரல்களை நுழைத்து, அதன் மார்பில் காதை வைத்துக் கேட்கிறாள். ஃபைன்ஸ் சுவரோரமாக நின்று பார்க்கிறார். ஒரு கொடிய மிருகம் ஒரு பெண்ணின் கைக்குக் கீழே பயமில்லாமல் மூச்சு விடுவதைப் பார்க்கும் அந்த முகத்தில் பொறாமையும் ஏக்கமும் சேர்ந்து ஓடுகின்றன.

'சைலன்ஸ்' பார்க்கப்படுவதன் அச்சத்தைப் பற்றிய படம் என்று சொன்னேன். இந்தக் கதைக்குள் அதற்கு நேர் மறுபக்கம் இருக்கிறது: பார்க்கப்படுவதைத் தாங்க முடியாமல், அதே சமயம் பார்க்கப்பட வேண்டும் என்று கொலை செய்பவன்; அவனைப் பார்க்கவே முடியாத பெண். முந்தைய படத்துக்குச் சமமாக நிற்கக்கூடிய சரக்கு இது. லெக்டரின் அறைக்குப் போய்ப் போய்ச் செலவழித்த நேரத்தை ராட்னர் இந்த வீட்டில் செலவழித்திருக்கலாம்.

அப்படியானால் ஃபைன்ஸ், 'சைலன்ஸ்' படத்தின் கொலைகாரன் பஃபலோ பில்லைவிட மேலா?

பாத்திரமாக, ஆம். பில்லாக நடித்த டெட் லெவின் பயமுறுத்துவதில் குறை வைக்கவில்லை. ஆனால் அந்தக் கொலைகாரனுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருப்பதைத் திரைக்கதை காட்டவே இல்லை. பெண்ணாக மாற விரும்புபவனைக் கொலைகாரனாகக் காட்டியது தன்பால் ஈர்ப்பாளர்களையும் திருநர்களையும் இழிவுபடுத்துகிறது என்று படம் வந்தபோதே எதிர்ப்பு எழுந்தது. அவன் உண்மையில் திருநர் அல்ல என்று ஒரு வசனம் படத்தில் இருக்கிறது; அந்த ஒரு வரி அவன் ஆடும் காட்சியின் முன் நிற்கவில்லை. 'சைலன்ஸ்' படத்தைப் புகழும்போது இதை விட்டுவிடுவது நேர்மையாகாது.

'மேன்ஹன்டர்'தான் அசல், ராட்னர் படம் வெறும் நகல் என்று ஒரு கூட்டம் சொல்கிறதே?

அந்தக் கூட்டம் முழுக்கத் தவறில்லை. மைக்கேல் மான் படத்தில் வில்லியம் பீட்டர்சனின் கிரஹாம் உண்மையிலேயே ஆபத்தான விளிம்பில் நிற்கிறான். பிரையன் காக்ஸ் செய்த லெக்டர் வெள்ளை வெளேரென்ற அறையில் சாதாரணமாகப் பேசுகிறார். அவரைப் பார்த்துவிட்டு கிரஹாம் சாய்தளங்களில் இறங்கித் தலைதெறிக்க வெளியே ஓடுகிறான். அந்த ஓட்டம் நார்டன் படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் இரண்டு படங்களுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே, டான்டே ஸ்பினோட்டி. முதல் படத்தில் நீலத்திலும் பச்சையிலும் காட்சிகளை முக்கி எடுத்தவர், இரண்டாவதில் அடக்கமாக, சொன்னதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆனால் மான் டாலர்ஹைடின் பின்கதையை ஏறக்குறைய முழுவதும் வெட்டிவிட்டார். பாட்டி இல்லை, பச்சை குத்தியதையும் கைவிட்டார். டாம் நூனன் அற்புதமாக நடித்தாலும், அந்த மனிதன் எங்கிருந்து வந்தான் என்பது 2002 படத்தில்தான் கிடைக்கிறது. கிரஹாமுக்கு முதல் படம், டாலர்ஹைடுக்கு இரண்டாவது என்று நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு படத்திலும் முடிவு வேறு வேறாக இருக்கிறதே, எது சரி?

நாவலில் டாலர்ஹைட் வேறொருவரின் பிணத்தை வைத்துத் தான் இறந்ததாக நம்பவைத்துவிட்டு, கிரஹாமின் குடும்பத்தைத் தேடி ஃபுளோரிடாவுக்கு வருகிறான். மனைவி மோலி சுட்டுக் கொல்கிறாள். கிரஹாம் முகம் சிதைந்து மருத்துவமனையில் கிடக்கிறான், குடும்பமும் கையை விட்டுப் போகும் நிலை. மான் இதையெல்லாம் விட்டுவிட்டு, கிரஹாம் கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு கொலைகாரனின் வீட்டுக்குள் பாய்வதோடு கதையை முடித்தார்.

ராட்னர் படம் நாவலின் பக்கம் திரும்பியது. கசப்பை மட்டும் வடிகட்டிவிட்டது. ஆனால் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. மகனின் கழுத்தில் கண்ணாடித் துண்டை வைத்திருக்கும் டாலர்ஹைடின் முன்னால், கிரஹாம் தன் மகனையே அவமானப்படுத்தித் திட்டுகிறான், டாலர்ஹைடின் பாட்டி அவனைத் திட்டிய அதே பாணியில். கொலைகாரன் குழந்தையை விட்டுவிட்டு அப்பன்மீது பாய்கிறான். கிரஹாமின் திறமை செயலாக மாறும் ஒரே இடம் அது. அந்தச் சிறுவன் அதற்குப் பிறகு அப்பாவை எப்படிப் பார்ப்பான் என்று படம் கேட்டிருந்தால் நாவலின் கசப்பும் திரும்பி வந்திருக்கும். கேட்கவில்லை.

கடைசியில் ஒரு இளம்பெண் பார்க்க வந்திருக்கிறாள் என்று சில்டன் சொல்ல, அவள் பெயர் என்ன என்று லெக்டர் கேட்கிறார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. உங்களுக்கு?

சிரிப்பு வந்தது. உங்கள் சிலிர்ப்பில் தவறில்லை. அந்தப் பெண் கிளாரிஸ் என்பது நமக்குத் தெரியும்; அது முந்தைய படத்தின் நினைவு தந்த சிலிர்ப்பு. இரண்டு மணி நேரம் டாலர்ஹைட், ரீபா, கிரஹாம் ஆகியோரின் கதையைச் சொல்லிவிட்டு, கடைசி வசனத்தை இன்னொரு படத்துக்குக் கொடுத்துவிடுவது தன் கதையின்மேல் நம்பிக்கை இல்லாதவர் செய்யும் காரியம்.

வசூல் செய்ததா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

செய்தது. சுமார் 7.8 கோடி டாலர் செலவு, உலகெங்கும் 20 கோடிக்கு மேல் வரவு. 'மேன்ஹன்டர்' அமெரிக்காவில் ஒரு கோடி டாலரைக்கூட எட்டவில்லை. இவற்றை வைத்துத் தரத்தை அளந்தால், ஐந்து படங்களில் அதிகம் வசூலித்த 'ஹானிபல்'தான் சிறந்தது என்றாகிவிடும். அந்த வாதத்துக்கு நான் வரவில்லை.

ராட்னர் 'ரஷ் ஹவர்' என்ற அதிரடி நகைச்சுவைப் படத்தை எடுத்தவர் என்பதால்தானே விமர்சகர்கள் மட்டம் தட்டினார்கள்?

அந்த முன்முடிவு இருந்திருக்கலாம். ஆனால் அவர் படத்தைக் கெடுத்துவிடவில்லை. கதை தெளிவாக ஓடுகிறது, நடிகர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார். மஞ்சள் பத்திரிகையாளன் லௌண்ட்ஸாக ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் சக்கர நாற்காலியில் ஒட்டவைக்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் காட்சியை எந்த இயக்குநரும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். கண்ணாடிச் சுவர் பற்றிய பதிலில் சொன்னதுதான் அவர்மீது என் குறை: முந்தைய படத்தின் பொருட்களைப் பத்திரமாக எடுத்துவைத்தார், அவற்றுக்கான காரணத்தை எடுத்துவரவில்லை.

'ஹானிபல் ரைசிங்' படமும் முன்கதைதானே? அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அதில் பேச அதிகம் இல்லை. லிதுவேனியாவில் போர்க்காலத்தில் தங்கையைத் தின்றவர்களைப் பழிவாங்கும் சிறுவனாக லெக்டரைக் காட்டுகிறது. 'சைலன்ஸ்' படத்தில் அவர் பயமுறுத்தியதற்கு ஒரு காரணம், அவருக்குக் காரணமே சொல்லப்படாதது. டாலர்ஹைடின் குழந்தைப் பருவம் கதைக்குள் வேலை செய்கிறது, முடிவில் கிரஹாமுக்கு ஆயுதமாகிறது. லெக்டரின் குழந்தைப் பருவம் அவரைச் சாதாரணப் பழிவாங்கும் கதாநாயகனாக்கிவிட்டது.

தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் தேவையா?

2013 முதல் 2015 வரை வந்த 'ஹானிபல்' தொடரின் மூன்றாம் பருவத்தில், பின்பாதி ஆறு பகுதிகள் இதே டாலர்ஹைட் கதைதான். மேட்ஸ் மிக்கெல்சனின் லெக்டர் ஹாப்கின்ஸை நகலெடுக்காததே அதன் பெரிய பலம். கிரஹாமுக்கும் லெக்டருக்கும் இடையே தருவதற்கும் பெறுவதற்கும் ஏதாவது இருக்க வேண்டும் என்று மேலே குறைப்பட்டேன் அல்லவா? தொடர் அதை இரண்டு பருவங்களாகச் சேர்த்துவைத்துவிட்டு இந்தக் கதைக்கு வருகிறது. நேரம் இருப்பவர்கள் தொடரைப் பாருங்கள். ஃபைன்ஸுக்காகவும் வாட்சனுக்காகவும் படத்தையும் பாருங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். 'சைலன்ஸ்' என்ற படமே வராமல் இருந்திருந்தால் 'ரெட் டிராகன்' நல்ல படமா?

நல்ல படம். ஆனால் 'சைலன்ஸ்' வராமல் இருந்திருந்தால் இந்த வடிவத்தில் இது எடுக்கப்பட்டே இருக்காது என்பதால் கேள்வி கொஞ்சம் ஏமாற்றுகிறது. கச்சேரித் தொடக்கம் இருக்காது, கடைசி வசனம் இருக்காது, சங்கிலிக் காட்சி இருக்காது. இவற்றை மனதளவில் வெட்டிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது முன்பைவிட மேலான படம். நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால், 'சைலன்ஸ்' தொண்ணூறு என்றால் இது அறுபத்தைந்து. அந்த அறுபத்தைந்தில் ஐம்பது ரீபா வரும் காட்சிகளுக்கு.

வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கலாமா?

பெரியவர்கள் மட்டும். 'சைலன்ஸ்' படத்தில் ரத்தம் நீங்கள் நினைவில் வைத்திருப்பதைவிடக் குறைவு. பல இடங்களில் காட்டாமலே விட்டிருப்பார்கள். 'ரெட் டிராகன்' கொலைகளை முடிந்தபின் காட்டுகிறது, ஆனால் குடும்பமும் குழந்தைகளும் பலியாகும் கதை என்பதால் பெற்றோர்களுக்குத்தான் கடினம். சிறுவனைத் திட்டும் அந்தக் கடைசிக் காட்சியில் என் மனைவி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார்.